பழைய கீறல்

எதைக் காட்டிக் கேட்டாலும் "அது பழசு" என்று சொல்லும் ஒரு மனிதரை எனக்குத் தெரியும். வண்டி மட்கார்டு நசுங்கியிருக்கிறதே என்றால், அது பழசு. வேட்டியில் மை கொட்டியிருக்கிறதே என்றால், அது பழசு. ஒருமுறை கால் பெருவிரலில் ரத்தம் கசியக் கசிய வந்து நின்று, "இது பழைய காயம் தாயி, கொஞ்சம் பஞ்சு இருந்தாக் குடு" என்று கேட்டார். நான் கீழே பார்த்தேன். வாசல் படியிலிருந்து அவர் நின்ற இடம் வரைக்கும் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

அவருடைய மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். "இந்த மனுசன் தலையில இடி விழுந்தாக்கூட, இது போன வருசத்து இடிம்பாரு" என்பது மதினியின் வார்த்தை. அதைச் சொல்லும்போது மதினிக்குச் சிரிப்பு வரும். அப்போதெல்லாம் எனக்கும் வந்தது.

நான் திண்டுக்கல்லில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுக்கிறவள். தாடையை இதில் வையுங்கள், தோளை முன்னால் தள்ளுங்கள், மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள், விடுங்கள். பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோபம் சட்டென்று வரும் எனக்கு. "சும்மா ஒரு படம் பாத்துக்கலாம்னு வந்தேன்" என்று யாராவது சொன்னால், சும்மா வந்தவர்கள் யாரும் இந்த நாற்காலியில் இப்படி உட்கார்ந்து நகம் கடிப்பதில்லை என்று வாய்வரை வந்துவிடும்.

அவருக்கு வேலை, மூட்டைகளுக்கு மார்க்கா அடிக்கும் தகடு வெட்டுவது. வெங்காய மண்டி, தேங்காய் மண்டி, மொச்சை மண்டி என்று ஒவ்வொரு மண்டிக்கும் ஓர் எழுத்து உண்டு. வெட்டிய தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மை தொட்ட பிரஷ்ஷால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் எழுத்து விழுந்துவிடும். தகரத்தில் வெட்டினால் கையைக் கிழிக்கும். அட்டையில் வெட்டினால் இரண்டே நாளில் மையில் ஊறிப்போகும். எக்ஸ்ரே படம்தான் அதற்கு வாகு. வளையும், கிழியாது, துடைத்தால் மை போய்விடும். அதனால் மாதம் ஒருமுறை எங்கள் நிலையத்துக்கு வந்து, சரியாக விழாத படங்களையும், ஆள் வந்து வாங்காமல் கிடக்கும் படங்களையும் கட்டிக்கொண்டு போவார். யாருடைய முழங்காலோ, யாருடைய விலாவோ, எழுத்தாகி ஊர் ஊராகச் சாக்கில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அவர் எனக்குப் பழக்கமானது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். படத்தை வைத்துப் பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. வெள்ளை முகப்பு, உள்ளே டியூப் லைட். படம் பதிகிற தட்டைப் பெட்டியான கேசட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பியதில் அதன் முனை பெட்டியில் இடித்து, முகப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கீறல் விட்டுவிட்டது. எங்கள் முதலாளியும் டாக்டர்தான், படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர். நல்ல மனிதர், ஆனால் பொருள் உடைந்தால் வேறு ஆளாகிவிடுவார். எனக்கு முன்னால் இருந்த பெண்ணை ஒரு பிரின்டர் தட்டை உடைத்ததற்காகத்தான் வேலையை விட்டு நிறுத்தினார் என்று கேள்வி. அவர் உள்ளே வந்து கீறலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் மூலையில் உட்கார்ந்து படங்களை அடுக்கிக்கொண்டிருந்த மனிதர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். "அது பழசு சார். போன மாசம் நான் வந்தப்பவே பாத்தேன். சொல்லணும்னு நெனச்சு மறந்து போச்சு."

முதலாளி ஒரு நிமிடம் யோசித்தார். "அப்படியா, நான் கவனிக்கலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மூலையில் இருந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சணல் கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். "பொழைக்க வந்த புள்ள, மொத மாசமே பேர் கெடக்கூடாதுல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்தோம், அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

மண்டியிலும் அவர் இப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது. லோடுமேன் கையில் சாக்கு கிழிந்துவிட்டால், "அது வரும்போதே கிழிஞ்சிருந்துச்சு" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். யாருடைய கல்யாணத்திலோ தாலி கட்டும் நேரம் குத்துவிளக்கு சாய்ந்து பட்டுப்பாயில் எண்ணெய் கொட்டிவிட்டதாம். பெண் வீட்டார் முகமெல்லாம் செத்துப்போய் நிற்க, இவர் பாயைத் தடவிப் பார்த்து, "அட, இது பழைய எண்ணெக் கறைப்பா, நான் வந்து உக்காந்தப்பவே வேட்டியில பிசுபிசுத்துச்சு" என்றாராம். பாய் நனைந்திருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எதுவும் இப்போது நடந்ததில்லை, ஆகவே யார் மேலும் குற்றமில்லை. இதுதான் அவருடைய வழி.

இருபது வயதிலிருந்து சுருட்டு. அதோடு முப்பது வருடமாக மண்டித் தூசியும், மையில் கலக்கும் தின்னர் நெடியும். இருமல் அவர் கூடவே வரும். சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று, பிறகு துண்டால் மீசையைத் துடைத்துக்கொள்வது. அவர் உள்ளே வருவதற்கு முன்பே படியில் அந்த இருமல் ஏறி வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் இளைப்பு அதிகமாகி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நெஞ்சு டாக்டரிடம் போனார். அவர் எங்களிடமே படம் எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன்.

நெஞ்சு டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார், சுருட்டை விடச் சொன்னார். அவர் விட்டும்விட்டார். அதில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டார். இன்னொன்றும் டாக்டர் சொல்லியிருந்தார், மதினி என்னிடம் அப்படியே ஒப்பித்தார்கள். "உங்க மாதிரி நாள்பட்ட இருமக்காரங்களுக்குப் புத்துநோய் வர்றதுக்கு மத்தவங்களவிட வாய்ப்பு ஜாஸ்தி. புது இருமல் வந்தா அது பழைய இருமலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், உங்களுக்கே தெரியாது. அதனால வருசத்துக்கு ஒருதடவை ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கணும். கதிர் கம்மியா வைக்கிற ஸ்கேன்தான், பயப்பட ஒண்ணுமில்ல."

"என்னண்ணே, ஸ்கேனுக்கு எப்பப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பயந்தவகளுக்குச் சொல்ற பேச்சு அது தாயி. எனக்கு இருக்கிறது ஒரே இருமல்தான். அதுவும் பழசு."

அடுத்த மாதம் வந்தபோது பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து எனக்குக் காட்டினார். எக்ஸ்ரே படத்தில் அழகாக வெட்டிய ஓர் எழுத்து. "யாரு நெஞ்சுன்னு தெரியுதா? என்னுதுதான். டாக்டர் பாத்து முடிச்சுட்டாரு, வீட்ல சும்மா தூங்குது. புதுப் படம், நல்ல கெட்டி. நாலு எழுத்து தேறுச்சு." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு உறையின் மேலும் அடுத்த முறை வரும்போது பழைய படத்தைக் கொண்டு வரவும் என்று அச்சடித்திருக்கிறது. அந்த உறையைத் தினம் ஐம்பது பேருக்கு எடுத்துக் கொடுக்கிற நான், அன்றைக்கு அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

பழைய படத்தால் என்ன உபயோகம் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சில் ஒரு புள்ளி தெரிந்தால், அதைவிட அது என்றைக்கு வந்தது என்பதுதான் முக்கியம். மூன்று வருடமாக அப்படியே இருந்தால் ஏதோ பழைய தழும்பு. போன தடவை இல்லாமல் இந்தத் தடவை இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

போன வருடம் ஆடி மாதம் மதினி அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தார்கள். எலும்பும் தோலுமாக இல்லை, ஆனால் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்போல இருந்தது. "ராத்திரிதான் இருமுவாரு, இப்பப் பகல்லயும் விடமாட்டேங்குது. இருமல் சத்தமே வேற மாதிரி இருக்கு. கேட்டாப் பழசுங்கிறாரு. நீயாவது சொல்லு" என்றார்கள் மதினி. நான் அந்த இருமலை அன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டேன். சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று என்கிற கணக்கு போயிருந்தது. சின்னச் சின்னதாக, வறட்டு இருமல், முடிவே இல்லாமல்.

"தாடையை இதுல வைங்கண்ணே. மூச்ச இழுங்க. நிறுத்துங்க."

நிறுத்த முடியவில்லை. மூன்றாவது தடவைதான் படம் சரியாக விழுந்தது. திரையில் வலது காறை எலும்புக்குக் கீழே, சுண்டைக்காய் அளவில் வெள்ளையாக ஒன்று இருந்தது. படம் எடுப்பவள் முகத்தில் ஒன்றையும் காட்டக்கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் முகத்தைத் துடைத்துவிட்டது போல வைத்துக்கொண்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து திரையைப் பார்த்தார். முப்பது வருடமாக எக்ஸ்ரே படங்களோடு கிடக்கிற மனிதர், அவருக்குக் காட்டித்தர வேண்டியதில்லை.

"அது பழசு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. சிறுவயதில் அவருக்குக் காசநோய் வந்து மருந்து சாப்பிட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை நான் ஃபைலில் தேடி எடுத்தேன். மேல் பகுதியில் பழைய தழும்புகள் என்று ஒரே ஒரு வரி. எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் அந்தப் படமும் இல்லை, இடம் போதாமல் பழையதையெல்லாம் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். "பாத்தியா, எழுதியே வச்சிருக்காரு" என்று அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

படத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சு டாக்டர் சீட்டில் இரண்டு வரி எழுதினார். நானும் படித்தேன். பழைய படம் கிடைத்தால் கொண்டு வரவும். கிடைக்காவிட்டாலும் இந்த வாரமே ஸ்கேன் எடுத்து வரவும். இவர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"படத்தத் தேடிக் கொண்டாந்துடுறேன் தாயி. அதுல புள்ளி இருந்துட்டா முடிஞ்சு போச்சு. எதுக்கு வீணா மெசினுக்குள்ள போய்ப் படுக்கணும்?"

"அண்ணே, ரெண்டாவது வரியையும் படிங்க."

"மொதல்ல மொத வரிய முடிப்போம்."

நெஞ்சை நாலாக வெட்டி நாலு மண்டிக்குக் கொடுத்திருந்தார். இப்போது அதைத் தேடிப் புறப்பட்டார். இளைத்துக்கொண்டே அந்த டிவிஎஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு, மண்டி மண்டியாக. நாலு எட்டு நடந்தால் நின்று இன்ஹேலரை வாயில் வைக்க வேண்டும். ஒரு துண்டு வெங்காய மார்க்கெட்டில் கிடைத்தது, அதில் இதயத்தின் அடிப்பகுதியும் உதரவிதானமும். தாடிக்கொம்பில் ஒரு புளி வியாபாரியிடம் இன்னொன்று, இடப்பக்கத்து மேல் விலா. மூன்றாவதை ஒட்டன்சத்திரத்தில் ஒருவர் ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டி வைத்திருந்தாராம். "ஏனுங்க, வெயிலுக்கு நல்லாருந்துச்சுங்க, அதான் ஒட்டிப்போட்டேன்" என்று அவர் சொன்னதை இவர் எனக்கு நடித்துக் காட்டினார். அது வலது அடி நுரையீரல். கிடைக்கக் கிடைக்க எங்கள் விளக்குப் பெட்டியில் கொண்டுவந்து ஒட்டுவார். கீறல் விழுந்த அந்த முகப்பில் அவருடைய நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்தது. வேண்டிய துண்டு மட்டும் இல்லை. இதற்குள் ஒன்றரை மாதம் போய்விட்டது. நான் ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் என்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்பார்.

நாலாவது துண்டு வத்தலக்குண்டில் ஒரு தேங்காய் மண்டிக்குப் போயிருந்தது. அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட இப்போது அவரால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. "நானும் வாரேண்ணே" என்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அதோடு இந்தத் தேடல் முடியட்டும், திங்கட்கிழமை கையைப் பிடித்து ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது என் கணக்கு.

மண்டிக்காரருக்கு ஆச்சரியம். "இந்தப் பழைய தகட்டுக்கா பஸ் ஏறி வந்தீக? சொல்லி விட்டா லாரில குடுத்து விட்டிருப்பேனே." ஆணியில் தொங்கிய தகடுகளில் துழாவி எடுத்துக் கொடுத்தார். கருப்பாக மை ஏறி, எக்ஸ்ரே என்று சொன்னால்கூட நம்ப முடியாதபடி இருந்தது. 'வ' என்கிற எழுத்து. நான் ஒரு துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். முதலில் அவருடைய பெயரின் கடைசி இரண்டு எழுத்து வந்தது. பிறகு வலது பக்கம் என்பதற்கு நான் வைத்த 'R' குறி. பிறகு தோள்பட்டை, காறை எலும்பு.

துடைத்த தகட்டை வெளியே கொண்டுவந்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று இளைத்துக்கொண்டே பார்த்தார். காறை எலும்புக்குக் கீழே, பார்க்க வேண்டிய அதே இடத்தில், 'வ'வின் சுழி வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக மண்டி வாசலில் நின்ற லாரியும் அதில் ஏறிக்கொண்டிருந்த தேங்காய் மூட்டையும் தெரிந்தன.

அவர் அங்கே கிடந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பயந்த முகத்தை அவரிடம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"தாயி, நீதான அன்னைக்குப் படம் எடுத்த. உனக்கு ஞாபகம் இருக்குமே. அந்த எடத்துல இருந்துச்சா?"

ஆயிரக்கணக்கான நெஞ்சு பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு படம் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? தெரியாதண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது, அதனால்தான் நாளைக்கே ஸ்கேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி முன்னால் நான் நின்ற நிலை எனக்கு நினைவு வந்தது. எனக்காக ஒரு வார்த்தை சொன்ன மனிதர் இப்போது அதே வார்த்தையை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பட்டது.

"இருந்துச்சுண்ணே" என்றேன். "லேசா இருந்த மாதிரி ஞாபகம்."

அவர் முகம் தெளிந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "நான்தான் சொன்னேனே" என்றார். மண்டிக்காரரிடம் அதற்குள் புதுத் தகடு ஒன்று வெட்டித்தருவதாக ஒப்புக்கொண்டார். பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த வாரம் வந்தபோது முதலாளி பக்கத்தில் இருந்தார். அதற்கடுத்த மாதம் தீபாவளி. மதினிக்கு ஒரு போன் போட்டால் முடிந்திருக்கும். போன் கையில்தான் இருந்தது. சொன்ன பொய்யை நானே எடுத்துப்போட்டு உடைக்க வேண்டுமே என்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. ஒருவேளை தழும்பாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம்தான். இப்படி நாலு மாதம் போனது.

தை மாதம் அவருக்கு வலது தோளில் வலி. சின்ன வயதில் மூட்டை தூக்கியது, அது பழசு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இருமிய துண்டில் ரத்தம் வந்தது. மதினி துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக நெஞ்சு டாக்டரிடம் போய்விட்டார்கள். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்தது, மதுரை. நான் ஸ்கேன் படத்தைப் பார்த்தேன். சுண்டைக்காய் எலுமிச்சை ஆகியிருந்தது, விலா எலும்பைத் தின்ன ஆரம்பித்திருந்தது, ஈரலில் மூன்று இடத்தில் தெரிந்தது.

மதுரையில் வார்டில் ஒரு பகல் நேரம். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயது, முகத்தில் களைப்பு. ஆடி மாதத்துப் படத்தையும் ஸ்கேனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு மதினியிடம் கேட்டார். "ஆடியிலயே தெரிஞ்சிருக்கே. அப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். அப்ப சின்னதாத்தான் இருந்திருக்கு. ஏம்மா இம்புட்டு நாள் விட்டீங்க? யாரு இதைப் பழைய தழும்புன்னு சொன்னது?"

மதினி திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இப்போதும் என்னைவிட்டுப் போகவில்லை. "நீதான சொன்ன? வத்தலக்குண்டுல வச்சு, பழைய படத்துல இருந்துச்சு, எனக்கு ஞாபகம் இருக்குன்னு நீதான சொன்ன? இவரு வந்து சொன்னாரே. அந்தப் புள்ளையே சொல்லிருச்சுன்னுதான நானும் பேசாம இருந்தேன்?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அது நிஜம். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. அவர் பேசி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"அது சொல்லல. நாந்தான் அது சொன்னதா உங்கிட்டச் சொன்னேன். நீ நச்சரிக்கக் கூடாதுன்னு. அந்தப் புள்ள ஸ்கேன் எடு, ஸ்கேன் எடுன்னுதான் வாய் ஓயாமச் சொல்லுச்சு."

மதினி கட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. போர்வை ஓரத்தில் பிரிந்து நின்ற நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூலையில் உட்கார்ந்து படக்கட்டுக்கு முடிச்சுப் போட்டபோது இருந்த அதே முகம்.

"அது பழசும்மா" என்றார் மதினியிடம். "என்னைக்கோ வந்தது. யாரையும் ஒண்ணும் கேக்காத."

பதினோரு நாள் கழித்து இறந்துபோனார். தாடிக்கொம்பு ரோட்டில் அவர் வீட்டில் கூட்டம். மண்டிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "உன்னப் போய்த் தப்பா நெனச்சுட்டேனே" என்றார்கள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பொய்க்கு மேலே என் பொய்யும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போதெல்லாம் நாள்பட்ட இளைப்போடு யாராவது படம் எடுக்க வந்தால், பழைய படம் எங்கே என்று கேட்டுக் கேட்டு அவர்களைப் படுத்திவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு ஸ்கேன் என்று டாக்டர் எழுதியிருந்தால் தேதியை நானே குறித்துக்கொண்டு போன் செய்கிறேன். வெடுக்கென்று பேசுகிறாள் என்று முதலாளியிடம் புகார் போயிருக்கிறது. போகட்டும். வீணான படங்களை வாங்க இன்னொருவர் கேட்டு வந்தார், நான் கொடுக்கவில்லை.

போன வாரம் அந்த விளக்குப் பெட்டியை மாற்ற ஓர் எலெக்ட்ரீசியன் வந்தார். முகப்பைக் கழற்றியபடி, "இது எப்ப சார் கீறல் விழுந்தது, கரன்ட் அடிச்சிருக்குமே" என்றார். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார். "அது ரொம்பப் பழசுப்பா. இந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

நான் கையிலிருந்த கேசட்டைக் கீழே வைத்தேன்.

"இல்ல சார்" என்றேன். "நான் ஒடச்சது."

பிறகு மதினியின் நம்பரைத் தேடி எடுத்தேன்.